தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒரே மண்



தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு வீட்டுப் பயிர் புதியதன்று. லயத்து வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலைந்து மிளகாய்ச் செடி என்று வைத்து வளர்த்தவர்கள் நாம். ஆனால் தக்காளி என்று வந்துவிட்டால் பலரும் கையை விரித்துவிடுகிறார்கள். "தக்காளி கேமரன் மலைச் சரக்கு, லகாட் வெயிலில் அது எங்கே பிழைக்கும்?" என்பதுதான் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரவு குளிர்ந்தால்தான் தக்காளிப் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். இரவு வெப்பம் 21 டிகிரி செல்சியசுக்கு மேலே போகப் போக, பூ உதிர்வது கூடும். ஈப்போ வட்டாரத்தில் இரவு அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே மலைத் தக்காளியின் விதையை எடுத்து இங்கே போட்டால் ஏமாற்றம்தான். தாழ்நிலத்துக்கென்றே தேர்ந்த, வெப்பம் தாங்கும் இரகங்கள் விதைக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் வெயில் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பிரச்சினை மண்ணில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பத்துச் செடிகள். கத்தரியும் உருளைக்கிழங்கும் அதே குடும்பம்தான். ஆகவே தக்காளிக்கு ஒத்துப்போகும் மண் மிளகாய்க்கும் ஒத்துப்போகும். தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும். ஆனால் ஈரம் தங்க வேண்டும். புளிப்பு மிகாமல் இருக்க வேண்டும். மக்கிய எரு நிறைய வேண்டும். இப்படிப்பட்ட மண் நம் வட்டாரத்தில் தரையில் தயாராகக் கிடைப்பது அபூர்வம். நாம்தான் கலந்து உண்டாக்க வேண்டும். நல்ல வேளையாக, கலப்பதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் நம் மண்ணைத் தெரிந்துகொள்வோம். லகாட்டில் இரண்டு வகை மண் உண்டு. ஒன்று, பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நாம் மிதித்து நடந்த செம்மண். மற்றொன்று, ஈயலம்பம் விட்டுப்போன வெள்ளை மணல். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வெள்ளீயத்துக்கு உலகப் புகழ் பெற்றது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அதன்பின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குட்டைகளும் மணல் மேடுகளும் மிஞ்சின.

செம்மண்ணின் குணம் என்ன? அது களி கலந்தது. ஈரம் பிடிக்கும், உரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் மழை பெய்தால் இறுகும். வேருக்குக் காற்றுக் கிடைக்காது. இன்னொரு குறை, கண்ணுக்குத் தெரியாதது. நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மழை பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கழுவி இறக்கிவிட்டது. அதனால் மண் புளித்துவிட்டது. புளிப்பை அளக்கும் கணக்கில் 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம். நம் செம்மண் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். தக்காளியும் மிளகாயும் விரும்புவது 6 முதல் 6.8 வரை. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். நாம் போடும் மணிச்சத்தையும் மண் தானே கட்டிப் போட்டுவிடும்; செடிக்குக் கிடைக்காது.

புளிப்பை அளக்கக் கருவி வேண்டுமா? இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுற்றிலும் பாருங்கள். மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் ஊதாப்பூச் செடியும் லாலான் புல்லும் செழித்து நிற்கும் இடம் பெரும்பாலும் புளித்த நிலம்தான்.

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் இந்தப் புளிப்புப் பெரிய தொல்லையில்லை. அதனால்தான் அவை இங்கே தழைத்தன. "தோட்டத்தில் மரம் நன்றாக வருகிறதே, தக்காளி ஏன் வராது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இனி ஈயலம்ப மணல். அது செம்மண்ணுக்கு நேர்மாறானது. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓடிவிடும். சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இறுகாது, வேர் தாராளமாக ஓடும். செம்மண்ணின் குறையை மணல் தீர்க்கும், மணலின் குறையைச் செம்மண் தீர்க்கும். இரண்டின் குறையையும் எரு தீர்க்கும். மண் கலவையின் இரகசியம் இவ்வளவுதான்.

ஆனால், தாய்மார்களே, மணல் எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. எந்த மணலையும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வரக்கூடாது. ஈயத் தாதோடு ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்த தாதுக்களும் சேர்ந்திருப்பது உண்டு. ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கறுத்த, கனத்த மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது.

இது ஏதோ தூரத்து ஊர்க் கதையன்று. லகாட்டை ஒட்டிய புக்கிட் மேராவில், 1982-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை வேலை தொடங்கியது. மோனசைட்டிலிருந்து அரிய மண் கனிமங்களைப் பிரிப்பது அதன் தொழில். தோரியம் கலந்த கழிவைப் பற்றி அஞ்சிய ஊர் மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. சாதாரண மக்கள் "எங்கள் மண்ணில் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்ட கேள்வி அது. தொட்டியில் மண் நிரப்பும் நாமும் அதே கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும்: இந்த மண் எங்கிருந்து வந்தது? இதற்கு முன் இது எதற்குப் பயன்பட்டது?

ஆகவே அமாங் ஆலை இருந்த இடம், பட்டறை, பழைய குப்பை மேடு, மருந்துக் கொட்டகை இருந்த இடம் ஆகியவற்றின் மண்ணைத் தொடவே வேண்டாம். மணல் ஐயமாக இருந்தால் ஒரு தட்டில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிப் பாருங்கள். கறுத்த மணிகள் கனத்து அடியில் திரண்டால் அந்த மணலை விட்டுவிடுங்கள். திரளவில்லை என்பதால் மட்டும் மணல் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. எல்லாவற்றிலும் பத்திரமான வழி, மணலுக்குப் பதிலாகக் கருக்கிய உமியைப் போடுவது. பேராக்கின் கிரியான் வட்டாரம் நெல் விளையும் பூமி. அதனால் உமிக்கு நமக்குப் பஞ்சமில்லை. செடி விற்கும் கடைகளில் கருக்கிய உமி மூட்டையாகவே கிடைக்கும். அது எடை குறைந்தது, தண்ணீரை வடியவிடும், மாடி வீட்டுக்குத் தூக்கிப்போகவும் எளிது.

அடுத்தது எரு. மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எரு எதுவும் உதவும். ஆனால் பச்சையாகப் போடக்கூடாது. முக்கியமாகப் பச்சைக் கோழி எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா வேரைப் பொசுக்கிவிடும். நோய்க் கிருமிகளும் அதில் இருக்கும். மக்கவைத்துத்தான் போட வேண்டும்.

மக்கவைப்பது கடினமான வித்தையன்று. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவியல் போடுங்கள். காய்ந்த பொருள் மூன்று பங்கு, பச்சைப் பொருளும் எருவும் சேர்ந்து ஒரு பங்கு. காய்ந்த பொருள் என்றால் சருகு, வைக்கோல், உமி. பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் சருகுக்கு அலைய வேண்டியதில்லை. பச்சைப் பொருள் என்றால் காய்கறிக் கழிவு, வாழை மட்டை, புல். செம்பனைக் காட்டில் நிலத்தை மூடிப் படரும் முக்குனா கொடியின் இலையும் மிக நல்லது. அது அவரைக் குடும்பத்துக் கொடி. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து வைப்பது. வெட்டுவதற்குத் தோட்டத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குவியலில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக்கூடாது. மேலே ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து மூடினால் மழை சத்தைக் கழுவிப் போகாது. சில நாளில் குவியலின் நடுவே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். அந்தச் சூடு 55 டிகிரிக்கு மேல் போய்ச் சில நாள் நின்றால் களை விதையும் பல நோய்க் கிருமிகளும் செத்துப்போகும். வாரம் ஒரு முறை, வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குவியல் பாதியாக இறங்கி, கறுத்து, ஆறி, மழை பெய்த காட்டு மண் வாசனை வரும். நாற்றம் அடித்தாலோ சூடு இருந்தாலோ இன்னும் மக்கவில்லை என்று பொருள்.

இங்கே இரண்டாவது எச்சரிக்கை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பது நம் பெண்களே காலங்காலமாகச் செய்துவந்த வேலை. அதன் தீங்கை அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் பயனில் இருக்கின்றன. மருந்தடித்த புல்லை எருக் குவியலில் போடக்கூடாது. 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் தக்காளி இலை முறுக்கிக்கொண்டு சுருளும். தக்காளி அதற்கு அவ்வளவு மெல்லிய செடி. மருந்து வந்த டின்னையும் பீப்பாயையும் எத்தனை முறை கழுவினாலும் அதில் செடி வைக்கக்கூடாது, தண்ணீரும் பிடிக்கக்கூடாது. அது பணம் மிச்சம் பிடிக்கும் இடமன்று.

இப்போது கலப்போம். நம் நாட்டு நாற்றங்கால்களில் நெடுநாளாகப் பழகிவந்த கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. நாமும் அதையே பின்பற்றலாம். பத்து லிட்டர் வாளியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் ஆறு வாளி, மக்கிய எரு நான்கு வாளி, கருக்கிய உமி அல்லது நல்ல மணல் இரண்டு வாளி. மொத்தம் பன்னிரண்டு வாளி. செம்மண்ணை மேலாக ஒரு சாண் ஆழத்துக்குள் எடுங்கள். ஆழத்து மண்ணில் உயிர் குறைவு. கல்லையும் வேரையும் சலித்து எறியுங்கள். தக்காளியோ கத்தரியோ வாடிச் செத்த இடத்து மண் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு வேண்டும். அதற்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக் கல்தான். நாம் காவடி எடுத்துப் போகும் கல்லுமலைக் கோயிலின் குன்றும் அதே கல்தான். உரக் கடையில் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள் என்று கேளுங்கள். டோலமைட் என்றும் சொல்வார்கள். சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம் இரண்டும் அதில் உண்டு. பன்னிரண்டு வாளி கலவைக்கு ஒரு பால் டின் அளவு, தலை தட்டி, போதும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடாதீர்கள். அது காரம் மிகுந்தது, வேரைச் சுட்டுவிடும். முட்டை ஓடு நல்லதுதான், ஆனால் கரைய வெகுநாள் ஆகும். விறகுச் சாம்பல் இருந்தால் இரண்டு கைப்பிடி சேர்க்கலாம். அதில் சாம்பல் சத்து உண்டு. காய் திரள அது உதவும். ஆனால் சாம்பலும் புளிப்பைக் குறைப்பதால் அளவு மீற வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, மூன்று நான்கு முறை புரட்டிக் கலக்குங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உடையாவிட்டால் உமி சேருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் செம்மண்ணோ எருவோ சேருங்கள். நனைத்து மூடி மூன்று வாரம் வையுங்கள். சுண்ணாம்பு வேலை செய்ய நாள் வேண்டும்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு சோதனையும் செய்துவிடலாம். ஒரு சிறு டப்பாவில் கலவையை நிரப்பி, நான்கு பயற்றங்காய் விதை ஊன்றுங்கள். செடி நேராக, பச்சையாக வந்தால் மண் நல்லது. இலை கிண்ணம் போல் குவிந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ எருவில் களைக்கொல்லி இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். நுனி கருகினால் எரு இன்னும் மக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தச் சோதனையை ஒப்படையுங்கள். அவர்கள் புத்தகத்தில் படிக்கும் அறிவியலை வீட்டு வாசலில் பார்க்கட்டும்.

பன்னிரண்டு வாளி கலவையில் ஐந்து தக்காளியும் நான்கு மிளகாயும் வைக்கலாம். தக்காளிக்கு ஒன்றரை வாளி, மிளகாய்க்கு ஒரு வாளிக்குச் சற்று மேல். கறுப்புப் பாலித்தீன் பையோ பழைய அரிசிப் பையோ போதும். அடியில் நிறையத் துளை போடுங்கள். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். காய்க்கும் தக்காளிக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால், காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். அது பூச்சியன்று, சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போய்ச் சேராத குறை. முதல் பூ வந்தபின் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய எருவை மேலே தூவினால் போதும். கோழி எருவை அள்ளி அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், காய் வராது.

இனி, முன்பு சொன்ன வாடல் நோய். காலையில் பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே, நண்பகலில் தொங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வேலை இது. தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போன்ற நூல் இறங்கினால் அந்த நோய்தான். மருந்தில்லை. செடியைப் பையோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். எருக் குவியலில் போடக்கூடாது. அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் வைக்கக்கூடாது. மண்வெட்டியையும் கையையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். தரையில் நட்டால் இந்த நோய் மழைத் தண்ணீரோடு ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகும். பையில், செங்கல்லின் மேல் வைத்தால் பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிடும். தைவானில் 1971-இல் தொடங்கப்பட்ட காய்கறி ஆராய்ச்சி மையம் இதற்கு இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நோய் தாங்கும் கத்தரி நாற்றின் மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுவது அது. பால்மரத்துக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை நம்மிடம் இல்லாமலா போய்விடும்?

நோயில்லாத மண்ணை வீசிவிட வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் வேரை எடுத்துவிட்டு, பயறோ கீரையோ ஒரு போகம் போடுங்கள். அதன்பின் ஐந்து வாளி மண்ணுக்கு ஒரு வாளி மக்கிய எருவும், இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூளும் சேர்த்தால் மறுபடியும் தக்காளிக்குத் தயார்.

ஏன் பை, ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம். தோட்டப்புறத்து மண்ணில் எத்தனை தலைமுறை உழைத்தாலும் அது நம் பெயரில் இருந்ததில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முருங்கையையும் கறிவேப்பிலையையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போயின. அடுக்குமாடி வீட்டுக்குப் போனபின் ஒரு பிடி மிளகாய்க்கும் கடைக்குக் காசு கொண்டுபோக வேண்டியதாயிற்று. பையில் நாம் கலந்து வைத்த மண் அப்படியன்று. வீடு மாறினால் அதுவும் கூட வரும். நான்காம் மாடித் தாழ்வாரத்திலும் அரை நாள் வெயில் விழுந்தால் அது விளையும். எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்பதும் நமக்கே தெரியும். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல உத்தரவாதம் வேறில்லை.

இந்த வாரமே எருக் குவியலைப் போட்டுவிடுங்கள். மற்றவை அதன்பின் தாமே வரும்.